மஹ்லகா பார்த்தது எவ்வளவு

ஆப்பிள் பூக்கிற பருவத்தில் எங்கள் தெஹ்னோ கிராமத்தில் மலைக்காற்று இறங்க ஆரம்பித்தால் லேசில் ஓயாது. கதவுகள் அடித்துக்கொள்ளும். கொடியில் போட்ட துணி அடுத்தவர் கூரையில் போய்க் கிடக்கும். மனுஷர்கள் ஒருவருக்கொருவர் காரணமில்லாமல் உரக்கப் பேசுவார்கள். நவ்ரூஸ் புத்தாண்டு முடிந்து அப்படிக் காற்றடித்த ஒரு வாரத்தில்தான் நொஸ்ரத்தின் தேனீக்கள் செத்தன.

நொஸ்ரத்துக்குப் பெட்டித் தேன்தான் பிழைப்பு. வீட்டுக்குப் பின்னால் மண்சுவரை ஒட்டிப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஷஹ்பாஸின் ஆப்பிள் தோட்டம். இவருடைய ஈக்கள் அவன் பூவில் மேயும், அவன் மரங்கள் இவருடைய ஈக்களால் காய்க்கும். இரண்டு வீட்டுப் பெண்களும், நொஸ்ரத்தின் மனைவி மஹ்லகாவும் ஷஹ்பாஸின் மனைவி குலந்தாமும், ஒரே அடுப்பில் ரொட்டி சுட்டுப் பங்கிட்டுக்கொள்கிறவர்கள். ஒருத்தி மாவு உருட்டினால் மற்றவள் அடுப்புச் சுவரில் அறைவாள்.

அன்று மத்தியானம் நொஸ்ரத் பின்கட்டுக்குப் போனபோது ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் ஈக்கள் குவிந்து கிடந்தன. சில மல்லாந்து சுழன்றுகொண்டிருந்தன. நாக்கு வெளியே நீண்டிருந்தது. அவர் வாத்துச் சிறகால் அவற்றை ஒதுக்கி ஒதுக்கி ஒரு தாம்பாளத்தில் சேர்த்தார். சேர்க்கச் சேர்க்கக் காற்று அள்ளிக்கொண்டு போனது. மாவுக் கையோடு ஓடிவந்த மஹ்லகா பார்த்த மாத்திரத்தில் சொன்னாள்.

"ஷஹ்பாஸ்தான் மருந்தடிச்சிருக்கான். காலைல கூரைல துணி போடறப்ப நானே பார்த்தேன்."

நொஸ்ரத் சிறகைக் கீழே வைத்தார். வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். 'பூ இருக்கறப்ப மருந்தடிச்சியாடா' என்று கேட்டாராம். 'இல்லண்ணே' என்றானாம் அவன். அந்த 'அண்ணே' முடிவதற்குள் குத்து விழுந்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய் விலக்கியபோது ஷஹ்பாஸின் முன்பல் இரண்டு இல்லை. உதிர்ந்த பூவின் மேல் ரத்தம் துப்பிக்கொண்டிருந்தான்.

மறுநாள் இரண்டு பேருமே ஊர்ச் சமரச மன்றத்தில் பிராது கொடுத்தார்கள். ஒருவர் ஈக்களுக்காக, ஒருவன் பற்களுக்காக. வியாழக்கிழமை விசாரணை என்று சொன்னார்கள். நொஸ்ரத்துக்கு ஒரே சாட்சி மஹ்லகா. பெரிய சாட்சி என்று ஊர் பேசிக்கொண்டது. ஏனென்றால் அவள் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

அது ஒரு தனிக் கதை. பள்ளியில் மஹ்லகா எப்போதும் முதல் மார்க். எந்தப் பாடத்தையும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பாள். கல்யாணமாகி, மகன் பஹ்மன் வளர்ந்து இஸ்ஃபஹானுக்கு ஆலை வேலைக்குப் போன பிறகு, வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது என்று நகரத்தில் இருந்த பல்கலைக்கழகக் கிளைக் கல்லூரியில் பேர் கொடுத்தாள். நொஸ்ரத் சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை. மினிபஸ் நிறுத்தம் வரைக்கும் அவரே மோட்டார் சைக்கிளில் கொண்டுவிடுவார்.

அங்கே தபான் என்று ஒரு ஆசிரியை. பெண்கள் பேருக்கு முன்னால் மரியாதைக்குக் 'கானும்' சேர்ப்பது எங்கள் வழக்கம், அதனால் கானும் தபான். சின்னப் பெண், மஹ்லகாவை விடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். எதையும் ஆராய்ந்து யோசிப்பது எப்படி என்று ஒரு வகுப்பு நடத்தினாள். கிராமத்து இளைஞர்கள் ஏன் ஊரை விட்டுப் போகிறார்கள் என்று முதல் கட்டுரை. 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது, இது எல்லோருக்கும் தெரிந்ததே' என்று மஹ்லகா அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். ஓரமெல்லாம் சிவப்பாகத் திரும்பி வந்தது. 'எல்லோரும் என்றால் யார்?' 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' கடைசியில், 'போனவர்களில் ஒருவரையாவது கேட்டீர்களா?'

வீட்டுக்கு வந்து குதித்தாள். "நேத்துப் பொறந்தது என்னைக் கேள்வி கேக்குது. என் பையனே போயிருக்கான், எனக்குத் தெரியாதாமா?"

"அப்ப அவனைக் கேளேன்" என்றார் நொஸ்ரத், சர்க்கரைக் கட்டியைப் பல்லில் இடுக்கிக்கொண்டு தேநீர் உறிஞ்சியபடியே. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

அவள் கோபத்திலேயே பஹ்மனைக் கூப்பிட்டாள். "ஏன்டா ஊரை விட்டுப் போனே? உடம்பு வணங்கலையா?"

"ஆலைல பன்னெண்டு மணி நேரம் நிக்கறேன்மா. உடம்பு வணங்காமயா?"

"பின்ன?"

"அப்பா என்னை ஒரு பெட்டியையாவது தனியாத் திறக்க விட்டிருக்காராம்மா? புகை போடுடா, மூடியைப் பிடிடா, அவ்வளவுதான். இருபத்திரண்டு வயசு வரைக்கும் மூடி பிடிச்சேன்."

மஹ்லகா அதை நொஸ்ரத்திடம் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கானும் தபான் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தாள். தெரியும் என்று நினைக்கிற எதையும் எடுத்து, இது நான் பார்த்ததா, கேட்டதா, நானாக நினைத்ததா என்று பிரிக்கவேண்டும். மஹ்லகா அரிசி பொறுக்குகிற மாதிரி எல்லாவற்றையும் பிரிக்கத் தொடங்கினாள். குலந்தாம் கிண்டலுக்குக் கேட்க வேண்டுமா?

"ஆஷ் கஞ்சில உப்பு கம்மின்னு நேத்து சொன்னேன். 'நீ ருசி பார்த்தியா, யாராவது சொன்னாங்களா?'ங்கறா. இவ கூட எப்படிய்யா குடும்பம் நடத்தறீங்க?"

"நான் எங்க நடத்தறேன்? பதில் சொல்லிட்டு இருக்கேன்" என்பார் நொஸ்ரத்.

அதெல்லாம் ஈக்கள் சாகும் முன்.

இப்போது நொஸ்ரத் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, மிச்சமிருந்த ஈக்களை இரண்டு மூன்று கூட்டமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த சாணத்தைப் போட்டுப் புகை காட்டினால் காற்று புகையை அவர் கண்ணுக்கே திருப்பிவிட்டது. ராணி இருக்கிற பெட்டி, இல்லாத பெட்டி என்று சாக்குக்கட்டியால் குறி போட்டார். இல்லாத பெட்டிகளே அதிகம். மஹ்லகா மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களண்டை ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு."

"அன்னைக்கு நான் பார்த்தது… டிராக்டர் வந்ததைப் பார்த்தேன். பின்னாடி மருந்துத் தொட்டி இருந்தது. ஷஹ்பாஸ் மூஞ்சில துணி கட்டியிருந்தான். மருந்து வாசனை வந்தது. ஆனா அவன் மரத்துக்கு அடிக்கறதை நான் பார்க்கல."

நொஸ்ரத் தேனடைச் சட்டத்தைக் கையில் தூக்கியபடியே நின்றார். "பார்க்கல?"

"பார்த்ததா நினைச்சுட்டேன். வாசனை, தொட்டி, துணி, எல்லாத்தையும் சேர்த்து நானே ஒட்டிக்கிட்டேன். யோசிச்சுப் பார்த்தா அவன் மரத்துக்கிட்டயே இல்ல. சுவர் ஓரமா…"

"போதும்." சட்டத்தை மெதுவாகப் பெட்டிக்குள் இறக்கினார். அப்படியும் இரண்டு ஈ நசுங்கியது. "தொட்டி இருந்தது. வாசனை இருந்தது. ஈ செத்திருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? மருந்துத் தொட்டிய எடுத்துட்டு வந்து அவன் ரோஜாத் தண்ணியா தெளிச்சான்?"

"தெரியலைங்கறேன். அவ்வளவுதான்."

"வியாழக்கிழமை 'தெரியல'ன்னு போய்ச் சொல்லப் போறியா? ஊருக்கு முன்னாடி? அவன் பல்லை நான் சும்மா உடைச்சேன்னு ஆகும். ஈயும் போச்சு, பேரும் போச்சு."

"சுவர் ஓரத்துல என்ன பண்ணிட்டிருந்தான்னு சொல்றேன், கேளுங்க…"

அவர் கேட்கவில்லை. புகைப்பாத்திரத்தை அப்படியே தரையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அவர் ஓரிடத்தில் இருந்து யாரும் பார்க்கவில்லை. கூரைக்கு ஏறுவார், இறங்குவார், வாசலுக்குப் போய்விட்டு எதற்குப் போனோம் என்று திரும்பி வருவார்.

நொஸ்ரத்தின் அக்கா தல்அத் விஷயம் கேள்விப்பட்டு ஒரு சட்டி ஆஷோடு வந்தாள். தட்டில் ஊற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா, உன்னைப் படிக்க அனுப்பினது புருஷன் காலை வாரவா?"

"நான் யார் காலையும் வாரல அக்கா. பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்லமாட்டேங்கறேன்."

"மூணு வருஷம் முன்னாடி அவன் பூவிலேயே மருந்தடிச்சானே, அப்ப ஊரே சொல்லுச்சே."

"யார் பார்த்தாங்க?"

"அதான் ஊரே சொல்லுச்சுன்னேனே!"

"அக்கா, நீங்க பார்த்தீங்களா?"

தல்அத் கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். "பார்க்கலைடீ தாயே. ஆனா எனக்குத் தெரியும். உன் அம்மா உன்னைப் பெத்ததையும்தான் நான் பார்க்கல. பொறக்காமயா நிக்கறே?"

இதற்கு மஹ்லகாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது இன்னும் பெரிய குற்றமாகப் போயிற்று. தல்அத் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்து போனாள். சட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் மஹ்லகா மினிபஸ்ஸை விட்டுவிட்டு கானும் தபானுக்காகக் கல்லூரி வாசலில் காத்து நின்றாள். நடந்ததெல்லாம் சொன்னாள். ஆசிரியை கையிலிருந்த காகிதங்கள் காற்றில் பறக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது.

"கானும் மஹ்லகா, நான் கட்டுரைகளுக்காகத்தான் அதைச் சொல்லிக்கொடுத்தேன்."

"எனக்கும் அது தெரியும். ஆனா அது கட்டுரையோட நிக்கலையே. நான் இப்ப என்ன பண்ண?"

"நாளைக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்களேன். போகாம இருந்துட்டா பொய்யும் இல்ல, சண்டையும் இல்ல."

மஹ்லகா அவளையே பார்த்தாள். "உடம்பு சரியில்லைன்னு சொன்னா, 'எப்படித் தெரியும்?'னு நீங்க ஓரத்துல எழுதமாட்டீங்களா?"

அந்தப் பெண்ணுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "எங்க வீட்ல நான் இதுவரைக்கும் யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்ல" என்றாள் மெல்ல. "எங்க அப்பாவை உங்களுக்குத் தெரியாது." பிறகு, தன் பைக்குள் துழாவி ஒரு பிடி வால்நட் பருப்பை எடுத்து மஹ்லகாவின் கையில் திணித்தாள். "மத்தியானத்துல இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்கமாட்டீங்க." அடுத்த வண்டி வரும்வரை கூடவே நின்றாள்.

வியாழக்கிழமை பள்ளிவாசலை ஒட்டிய அறையில் உட்கார இடமில்லை. நான் வாசல்படியில் செருப்புகளுக்கு நடுவே நின்றேன். மன்றத்துக்குத் தலைவர் மாவு மில் ஹாஜி எய்னொல்லா. சமாவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பேச்சு சூடாகும் இடத்திலெல்லாம் தேநீர் ஊற்றிக் கொடுப்பது அவர் வழக்கம். வாயில் தேநீர் இருந்தால் கத்த முடியாதாம். ஷஹ்பாஸ் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குலந்தாம் பெண்கள் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். மஹ்லகா பக்கம் திரும்பவேயில்லை.

"நான் மருந்தடிக்கல ஹாஜி" என்றான் ஷஹ்பாஸ். பல் இல்லாததால் வார்த்தைகள் ஊதிக்கொண்டு வந்தன. "எனக்கென்ன பைத்தியமா? அவர் ஈ இல்லாட்டி என் மரம் காய்க்குமா? மேல்தட்டுல புதுக் கன்னு வெச்சிருக்கேன். அங்க கால்வாய்த் தண்ணி ஏறாது. தொட்டியில தண்ணி கொண்டு போனேன்."

"நல்லாத் தயார் பண்ணிட்டு வந்திருக்கான்" என்றார் நொஸ்ரத்.

ஹாஜி அவருக்கு ஒரு தேநீர் ஊற்றினார். "மஹ்லகாம்மா, நீ சொல்லு. இவன் மருந்தடிச்சதைப் பார்த்தியா?"

மஹ்லகா எழுந்தாள். முக்காட்டு நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"பார்க்கல, ஹாஜி."

அறையில் ஒரு சலசலப்பு. நொஸ்ரத் தேநீரைத் தொடாமல் எழுந்தார். யாரையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார். நாங்கள் விலகி வழிவிட்டோம்.

"அப்ப நானே பார்த்தேன்னு உன் புருஷன்கிட்ட சொன்னது?"

"சொன்னேன். தப்பு. பார்த்தது வேற, நான் நினைச்சுக்கிட்டது வேற."

"சரி, என்னதான் பார்த்தே? பார்த்ததை மட்டும் சொல்லு."

"டிராக்டர் சுவர் கிட்ட நின்னுட்டிருந்தது. மரத்துக்குள்ள போகல. தொட்டியோட அடிக்குழாய் திறந்திருந்தது. ஷஹ்பாஸ் மேல ஏறி நின்னு, நீளத் துடைப்பத்தை உள்ள விட்டுத் தேய்ச்சிட்டிருந்தான். வெள்ளையாத் தண்ணி கீழ ஓடுச்சு. அப்பதான் மருந்து வாசனை வந்தது. மூக்கைப் பிடிச்சிட்டு நான் இறங்கிட்டேன். அதுக்கப்புறம் எதுவும் பார்க்கல."

"தொட்டி கழுவறது ஒரு குத்தமா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நொஸ்ரத், ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் இருந்தேன்.

"சுவர் கிட்டன்னா எங்க?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். பதிலைக் கேட்டுக்கொள்வதற்காக அந்த வாரத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"கால்வாய் வளையுமே, தண்ணி தேங்குமே, அங்க."

நொஸ்ரத் ஒரு செருப்போடு விரிப்பின் மேல் ஏறி வந்தார். ஹாஜி அதைக் கண்டிக்கவில்லை. "அங்கதான் என் ஈ தண்ணி குடிக்கும்" என்றார். "குஞ்சு வளர்க்கற காலம். நாள் முழுக்க அங்கதான் உட்கார்ந்திருக்கும்." ஷஹ்பாஸின் முன் குந்தினார். "தொட்டியில என்னடா இருந்தது?"

ஷஹ்பாஸ் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தான்.

"போன வருஷத்து மருந்து, அண்ணே. அடியில பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டிருந்தது. அதோட தண்ணி விட்டா கன்னு கருகிடுமேன்னு… நல்லாத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேன். கன்னு கருகிடக் கூடாதேன்னுதான் அண்ணே நினைச்சேன்."

ஹாஜி சமாவர் குழாயைத் திறந்து வரிசையாகக் கோப்பைகளில் தேநீர் ஊற்றினார். பிறகு சொன்னார்: "அப்ப இவன் மருந்தடிக்கலைங்கறதும் நிஜம். உன் ஈ இவனாலதான் செத்ததுங்கறதும் நிஜம். எனக்கு இப்படி ஒரு வழக்கு வந்ததே இல்லப்பா. எல்லாரும் தேத்தண்ணி குடிங்க."

தீர்ப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. பல் கட்டுகிற பொறுப்பு நொஸ்ரத்துடையது. மிச்சமிருக்கிற பெட்டிகளை மலை ஓமம் பூக்கும்போது ஷஹ்பாஸ் தன் டிராக்டரில் மேலே ஏற்றிக் கொடுத்து, கூட்டம் பெருகும்வரை கூலி இல்லாமல் கூட உழைக்க வேண்டும். தேங்கிய தண்ணீரை இறைத்துக் கால்வாய் வளைவைத் தோண்டிக் கழுவவேண்டும். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள், முகத்தைப் பார்க்காமல்.

வெளியே வந்ததும் ஊர் மஹ்லகாவைச் சூழ்ந்துகொண்டது. படிப்பு என்றால் இதுதான் படிப்பு என்றார்கள். தல்அத்தும், எனக்கு அப்பவே தெரியும் என்றாள். மஹ்லகா அவளை எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சோறு வைத்தாள். நொஸ்ரத் சாப்பிட்டார். கை கழுவி வந்து, அவள் பாத்திரம் துலக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"நீ நல்லாப் படிச்சிட்டே. ஊரே சொல்லுது."

அந்தக் குரலில் பாராட்டு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஆனா அன்னைக்கு 'நானே பார்த்தேன்'னு சொன்னே. நான் அதைக் கேட்டுட்டுத்தான் போய் அவனை அடிச்சேன்."

"நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன பார்த்தேன்னு."

"உன்னை எதுக்குக் கேக்கணும்?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். "பார்த்தேன்னு நீ சொன்னா எனக்குப் பார்த்ததுதான். கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தான்."

அவளுக்குத் தட்டைத் தேய்க்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. அவர் பின்கட்டுக்குப் போனார். ஒரு பெட்டியின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூடியைப் பிடிக்க அவர் அவளைக் கூப்பிடவில்லை.

மஹ்லகா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் மண் பறந்தது. குலந்தாம் வீட்டு முற்றத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரிய சட்டியில் ஆஷ் கொதித்தது. குலந்தாம் கீரை அரிந்துகொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன், குலந்தாம். உன் வீட்டுக்காரர் பல்லுல என் வார்த்தைதான் பட்டது. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"மன்றத்துல சொன்னியே. கேட்டேன்."

"உன்கிட்ட சொல்லல."

குலந்தாம் கீரையை வழித்துச் சட்டியில் போட்டாள். "இந்தப் படிப்பை ஒரு மாசம் முன்னாடி படிச்சு முடிச்சிருக்கக் கூடாதாடீ?" என்றாள். உடனே கோபமாக மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மனுஷன் ரொட்டி கடிக்க முடியாம ஒரு வாரமா ஊறவெச்சு விழுங்கறான். பயறு இருக்கற இடம் தெரியாம குழையணும். நிக்காதே, இந்தா, கிண்டு."

மஹ்லகா அகப்பையை வாங்கினாள். காற்று தீயைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டே இருந்தது. ஒருத்தி முதுகால் காற்றை மறைத்துக்கொண்டு நிற்க, இன்னொருத்தி வெங்காயம் வதக்கினாள்.

"குழைஞ்சிருச்சா?" என்றாள் குலந்தாம், திரும்பிப் பார்க்காமலே.

"குழைஞ்ச மாதிரி இருக்கு."

"மாதிரியா?" குலந்தாம் திரும்பினாள். "மாதிரியெல்லாம் எங்க வீட்ல வேணாம் தாயே. வாயில போட்டுப் பார்த்துச் சொல்லு."

மஹ்லகா அகப்பையைத் தூக்கி ஊதக்கூட இல்லாமல் வாயில் வைத்தாள். நாக்கு பொத்துப்போயிற்று. கண்ணில் நீர் முட்ட, மென்று பார்த்தாள்.

"இன்னும் இல்ல" என்றாள்.

"அப்ப கிண்டு" என்றாள் குலந்தாம்.